பிறந்தவர்கள் மட்டும்

உக்காருங்க தம்பி. விளக்குல பேர் வெட்டுற ஆளு சாப்பிடப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க.

வெளிய போர்டைப் பாத்துட்டுத்தான உள்ள வந்தீங்க? 'முன்னாள்'ங்கற வார்த்தை மட்டும் புதுப் பெயிண்ட்டுல நெருக்கிக்கிட்டு நிக்குதேன்னு யோசிச்சிருப்பீங்க. எல்லாரும் யோசிக்கறாங்க. சிலபேர் கேக்கறாங்க, சிலபேர் மரியாதைக்குக் கேக்காம விளக்கு விலை விசாரிக்கறாங்க. நீங்க ரெண்டாவது ரகம். நானே சொல்லிடறேன்.

'ஆ. வைரக்கண்ணு, செயலாளர், செங்கணக்குடி ஊர்நலச் சங்கம்'. பத்தொம்பது வருஷம் போர்டுல அப்படித்தான் இருந்துச்சு. போன பங்குனியில பெயிண்டரைக் கூப்பிட்டு, 'செயலாளர்'க்கு முன்னாடி இருந்த கொஞ்சூண்டு இடத்துல 'முன்னாள்'னு எழுதச் சொன்னேன். யாரும் என்னை இறக்கல. அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. நானா விட்டுக் குடுத்தது.

எங்க சங்கம் அம்பத்தெட்டுல ஆரம்பிச்சது. ஊருணி சுத்தமா இருக்கணும், சந்தை ஒழுங்கா நடக்கணும், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வெக்கணும், ஊருக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கணும். இதுக்குத்தான் சங்கம். இந்த ஊர்ல இன்னிக்கும் ஒரு வீட்டுல சாவுன்னா தெருவே அடுப்புப் பத்த வெக்காது. ஒரு பிள்ளை பஸ் ஸ்டாண்டுல சிகரெட்டோட நின்னா அவன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி வீட்டுக்குப் போயிடும். பெரிய ஊர்ல இருந்து வர்றவங்க இதைப் பாத்துச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாம இருபது வருஷம் குடியிருக்கறவங்கதானே.

எங்களுக்கு ஊர் அமைதிதான் முக்கியம். பதினாலு வருஷம் முன்னாடி அரசாங்கத்துல முப்பது படுக்கை ஆஸ்பத்திரி கட்ட இடம் கேட்டாங்க. நாங்கதான் வேண்டாம்னு தீர்மானம் போட்டோம். ஆஸ்பத்திரின்னா கண்ட ஊர் ஆளும் வருவான், வாசல்ல பத்து டீக்கடை முளைக்கும், நம்ம ஊர் நம்ம ஊர் மாதிரி இருக்காதுன்னு நான்தான் பேசினேன். நல்ல கைதட்டல். ஆறு கிலோமீட்டர்ல புளியவிடுதின்னு ஒரு ஊரு. அவங்களுக்கு எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவாங்க. வாங்கிக்கிட்டாங்க. அனுபவிக்கட்டும்னு விட்டுட்டோம்.

இப்ப மாப்பிள்ளை விஷயத்துக்கு வர்றேன்.

பேரு செங்குட்டுவன். ஆனா அந்தப் பேரு வாக்காளர் பட்டியல்ல மட்டும்தான் இருக்கு. ஊருக்கே அவரு மாப்பிள்ளை. மன்னார்குடிப் பக்கத்துல இருந்து இங்க ரைஸ்மில் வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. மில்லு போச்சு, மாமனார் போயிட்டாரு, இவரு இங்கயே மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சு உக்காந்துட்டாரு. இருவத்திமூணு வருஷம் ஆச்சு. எண்பது வயசுக் கிழவியும் மாப்பிள்ளைம்பா, எட்டாவது படிக்கிற பொண்ணும் மாப்பிள்ளைம்பா. என்னை மச்சான்னு கூப்பிடுவாரு. எனக்கு அவரு மேல கோபமே கிடையாது. நல்ல மனுஷன். சத்தம் போட்டுப் பேசி ஒருத்தரும் கேட்டதில்ல. யார் வீட்டுல மோட்டார் நின்னாலும், யார் வீட்டுக் குழாயில தண்ணி வரலைன்னாலும், மனு எழுதணும்னாலும், பொணத்துக்கு ஐஸ் பெட்டி வேணும்னாலும் அவருதான் ஓடுவாரு. குறையே சொல்ல முடியாது. என்ன, வந்தவரு. அவ்வளவுதான்.

போன வருஷம் கலெக்டரம்மா ஊருணி பாக்க வந்தாங்க. செயலாளருங்கற முறையில சால்வையோட நான் முன்னாடி நிக்கறேன். வந்து இறங்கின அம்மா முதல்ல கேட்டது, "இங்க செங்குட்டுவன்ங்கறது யாரு? அவரு எழுதின மனுவைப் பாத்துத்தான் வந்தேன்." சால்வை என் கையில இருக்கு, கலெக்டர் கண்ணு கூட்டத்துல பின்னால நிக்கற அவரைத் தேடுது. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. வேலை நடந்தா சரி. ஆனா ஒரு முறைன்னு இருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் தை மாசப் பொதுக்கூட்டம். எங்க கூட்டத்துல எப்பவும் தேர்தல் கிடையாது, ஏகமனதுதான். "பழைய நிர்வாகிகளே தொடர"ன்னு தலைவர் ஆரம்பிப்பாரு, நாங்க கை தட்டுவோம், கேசரி வரும். தலைவர் யாருன்னா சௌந்தரராசு சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. "பழைய..."ங்கறதுக்குள்ள கோமளவல்லி டீச்சர் எழுந்திரிச்சாங்க. பெண்கள் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கறவங்க. "இந்த வருஷம் செயலாளருக்கு மாப்பிள்ளை பேரை முன்மொழியறேன்"னாங்க.

தம்பி, கேசரி வர்றதுக்கு முன்னாடியே கை தட்டிட்டாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. மொத்த ஹாலும்.

சௌந்தரராசு சார் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்"னு சமாளிச்சுட்டாரு. மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. அது அல்சர். முன்னாடியே இருக்கறதுதான்.

நாலாம் நாள் பேனாவை எடுத்தேன். சங்க விதியில ஒரு திருத்தம். எல்லாரும் படிக்கற மாதிரி நல்ல தமிழ்ல எழுதினேன்: 'சங்கத்தின் நிர்வாகிகள் செங்கணக்குடி மண்ணில் பிறந்தவர்களாக மட்டுமே இருத்தல் வேண்டும்.' கடைசியில 'இருத்தல் வேண்டும்'னு முடியுது பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. யாரையும் மனசுல வெச்சு எழுதல. பொதுவா, ஊர் நல்லதுக்கு.

அடுத்த கூட்டத்துல வாசிச்சேன். மண்ணுன்னு வந்துட்டா யாரும் எதிர்த்துப் பேச முடியாதுல்ல? நிறைவேறிடுச்சு. மாப்பிள்ளையும் கை தட்டினாரு. பக்கத்துல வந்து, "நல்லா எழுதியிருக்கீங்க மச்சான். ஒரு பிழை இல்ல"ன்னாரு. நக்கலான்னு உத்துப் பாத்தேன். நக்கல் இல்ல. அது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

டீச்சர்தான் விடல. "அப்ப எல்லா நிர்வாகியும் பிறப்புச் சான்றிதழ் குடுத்துடுவீங்கள்ல சார்?"

"ஒரே மாசம். கொண்டுவந்து மேசையில வெக்கறோம்"னேன். ரொம்பச் சத்தமாத்தான் சொன்னேன்.

மறுநாள் பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். எழுத்தர் சின்ன வயசுப் பொண்ணு. பழைய பதிவேட்டை எல்லாம் எடுத்து, தூசி தட்டி, பொறுமையாத்தான் பாத்துச்சு. அந்தக் காலத்துப் பதிவுல குழந்தை பேரு இருக்காது தம்பி, அப்பா பேருதான். நான் பிறந்த அறுவத்திரெண்டுல எங்க அப்பா ஆறுமுகம் பேருல ஒண்ணும் இல்ல. அறுவத்தொண்ணு, அறுவத்திமூணு, இல்ல. "நல்லாப் பாரும்மா, நான் இந்த ஊருக்குச் செயலாளர்"ங்கறேன். அறுவத்தினாலுல, 'ஆறுமுகம், ஆண் குழந்தை, ஆவணி'. கிட்டத்தட்டக் கத்திட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது என் தம்பி. அவன் சிங்கப்பூர் போய் முப்பத்தஞ்சு வருஷமாச்சு. அம்மா செத்ததுக்கு வந்தான், அதுக்கப்புறம் எட்டிப் பாக்கல. அவன் செங்கணக்குடி மண்ணு. தெனம் காலையில இந்த ஷட்டரைத் தூக்கற நான் அந்தப் புத்தகத்துலயே இல்ல!

வீட்டுக்கு வந்து, "ஆபீசுல என் பதிவையே தொலைச்சுட்டாங்க, சும்மா விடப் போறதில்ல"ன்னு குதிச்சேன். என் சம்சாரம் சிலம்பாயி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல.

"நீங்க மூத்த பிள்ளையா, இளையவரா?"

"மூத்தவன். அதுக்கென்ன இப்ப?"

"தலைப்பிரசவத்தை யாராச்சும் புகுந்த வீட்டுல வெச்சுப் பாப்பாங்களா? உங்க அம்மாவுக்கு எது ஊரு?"

புளியவிடுதி.

எனக்குத் தெரியாம இல்ல தம்பி. அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கு. ஆனா அதை நான் பிறந்ததுன்னு நெனச்சதே இல்ல. ஏதோ வேலையாப் போயிட்டு வந்த மாதிரின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அஞ்சு மாசத்துல தூக்கிக்கிட்டு வந்துட்டாங்களே!

அன்னிக்கு சாயங்காலமே சௌந்தரராசு சாரைப் பாக்கப் போனேன். அவரு என்னைப் பாத்ததும் உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாரு. "வைரக்கண்ணு, எனக்குக் காரைக்குடிப்பா"ன்னாரு. பொருளாளர் காதர் ராவுத்தருக்கு அறந்தாங்கி. துணைத்தலைவருக்குத் திருமயம். எல்லாரும் மூத்த பிள்ளைங்க. நீங்க யோசிச்சுப் பாருங்க, கடையையும் வீட்டையும் கட்டிக்கிட்டு ஊர்லயே கிடக்கறது யாரு? மூத்தவன். மூத்தவன் எங்க பிறப்பான்? அம்மாச்சி வீட்டுல. இங்க பிறந்த இளையவனெல்லாம் எங்க? சிங்கப்பூர்ல, திருப்பூர்ல. சின்ன வயசுப் பசங்களைப் போடலாம்னா, முப்பது வயசுக்குக் கீழ உள்ளவன் பூரா புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில பிறந்தவன். நம்ம முறைப்படி எல்லாம் சரியா நடந்ததால, சங்கத்துல ஒரு ஆளுக்கும் தகுதி இல்ல.

"அப்ப இந்த ஊர்ல பிறந்தவங்க யாருதான் சார்?"ன்னேன்.

"நாம கட்டிக் குடுத்த பொண்ணுங்களோட மூத்த பிள்ளைங்க. எல்லாம் வெளியூர்ல இருக்கு"ன்னாரு. ஹெட்மாஸ்டர்ல, கணக்கு டக்குன்னு வந்துடும்.

வெளிய விடாம வெச்சுக்கலாம்னு பேசிக்கிட்டோம். இந்த ஊர்ல அது நடக்குமா? நாலே நாள். ஒரு மத்தியானம் கடை வாசல்ல புல்லட் வந்து நிக்குது. நாகரெத்தினம். புளியவிடுதியில ஹாலோபிளாக் கம்பெனி வெச்சிருக்கறவன். அந்த ஊருக்கே பெரிய கையி. அந்த முப்பது படுக்கையை அங்க கொண்டுபோனதே அவன்தான். உள்ள வந்து லேமினேஷன் பண்ணின ஒரு காகிதத்தை இந்த மேசை மேல வெச்சான். பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம்: செங்கணக்குடி, வடக்குத் தெரு.

"மாமா, செயலாளருக்கு ஆளு கிடைக்கலையாம்ல? நான் அசல் உங்க ஊரு மண்ணு. எங்க அம்மா உங்க வடக்குத் தெருதான? எப்ப வந்து பொறுப்பு எடுத்துக்கட்டும்?"

தம்பி, அவன் அம்மா கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் பூரா இந்தக் கடையில வாங்கினதுதான். எங்க அப்பா கையால பேர் வெட்டினது. அதை நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே ஒரு இட்லிக்கொப்பரை வாங்கிக்கிட்டுப் போனான். பேரம்கூடப் பேசல.

இந்த நேரத்துலதான் என் மக பிரசவத்துக்கு வந்தா.

ஒரே பொண்ணு, கார்குழலி. ஓசூர்ல குடுத்திருக்கேன். மருமகன் நல்ல பையன், கம்பெனியில இருக்காரு. அவங்க அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவருதான் செயலாளர், தெரியுமா? போய் நாலு வருஷம்தான் ஆச்சு. தமிழு, தெலுங்கு, கன்னடம்னு எல்லாரும் இருக்கற இடம். வெளியூர்ப் பிள்ளைன்னு பாக்காம, திறமையைப் பாத்துப் பொறுப்புக் குடுத்திருக்காங்க. அந்தப் பெருந்தன்மை வேணும்யான்னு நான் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன்.

வளைகாப்பு முடிச்சுக் குழலியைக் கூட்டியாந்தோம். முறைப்படி தலைப்பிரசவம் நம்ம வீட்டுல. அப்பத்தான் எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. நான்தான் புளியவிடுதியில பிறந்து தொலைச்சேன். என் பேரப்பிள்ளையாச்சும் இந்த மண்ணுல பிறக்கட்டும். பேரூராட்சிப் புத்தகத்துல எங்க வீட்டுப் பேரு ஏறட்டும். தப்பா சொல்லுங்க?

எங்க ஊர்ல சின்னதா ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கு. நர்ஸம்மாகிட்ட போய், "இங்கயே பிரசவம் பாத்துடலாமா?"ன்னு கேட்டேன்.

"ஐயா, இங்க பிரசவம் பாத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கட்டில்ல இப்ப சத்துமாவு மூட்டை கிடக்கு. உங்க பொண்ணுக்கு பிரஷர் வேற கொஞ்சம் ஏறுது. புதுக்கோட்டை டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே கொண்டுபோய்ச் சேத்துடுங்க"ன்னுச்சு.

நான் வீட்டுல வந்து பாதிதான் சொன்னேன். பிரஷர் விஷயத்தைச் சொல்லல. பயப்படுவாங்கள்ல? சேக்கற நாள் வந்தப்ப, "இன்னிக்கு அஷ்டமி"ன்னேன். மறுநாள் நவமி. அதுக்கு மறுநாள், "இன்னும்தான் நாள் இருக்கே, ஆஸ்பத்திரிச் சோத்தைத் தின்னுட்டுக் கிடக்கணுமா"ன்னேன். வலி இங்க கண்டா நர்ஸம்மாவுக்கு வேற வழி இருக்காதுன்னு ஒரு கணக்கு. என் சம்சாரம் என்னை ஒரு மாதிரிப் பாத்தா. குழலி, "அப்பா சொன்னா சரியாத்தான்மா இருக்கும்"னுச்சு.

அதை அது சொல்லாம இருந்திருக்கலாம்.

செவ்வாக்கிழமை, சந்தை நாளு. காலையில பதினோரு மணி இருக்கும். கடையில நல்ல கூட்டம். சிலம்பாயி போன் பண்ணினா. "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. புள்ளைக்குத் தலை சுத்துதுங்குது, கண்ணு மங்குதுங்குது." நான் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு நர்ஸம்மாவைக் கூட்டப் போனேன். கதவு பூட்டிக் கிடக்கு. பக்கத்து ஊர்ல தடுப்பூசி முகாமாம். ஆம்புலன்ஸுக்கு அடிச்சா, எங்கயோ ஒரு விபத்துக்குப் போயிருக்கு, வர முக்கால் மணி நேரம் ஆகும்னாங்க. பூட்டின கதவு முன்னாடி நிக்கறேன் தம்பி. ஸ்கூட்டர் சாவி துவாரத்துல நுழைய மாட்டேங்குது.

வீட்டுக்கு வந்தா வாசல்ல ஆம்னி வேன் நிக்குது. மாப்பிள்ளை வேன். பின்னால கிடந்த மோட்டாரை எல்லாம் இறக்கி எங்க வாசல்லயே போட்டுட்டு மெத்தையை விரிச்சிருக்காரு. சிலம்பாயி எனக்கு ரெண்டாவது தடவை போன் பண்ணல, அவருக்குத்தான் பண்ணியிருக்கா. குழலியை ஏத்தியாச்சு. சிலம்பாயி என்னைப் பாத்து, "ஏறுங்க. வாயத் திறக்கக் கூடாது"ன்னா.

சந்தைக் கூட்டத்துக்குள்ள ஹாரனை அழுத்திப் பிடிச்சாரு. மாப்பிள்ளை வண்டின்னதும் கூடை, சாக்கு, ஆடு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு சனம் ஒதுங்குச்சு. காய்க்காரப் பொம்பளைங்க யாரு உள்ளன்னு கேக்கல. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க. அதுதான் எங்க ஊரு. அதைச் சொல்லணும்ல.

வண்டி பறக்குது. பின்னால குழலி, "அப்பா, அப்பா"ங்குது. அம்மாவைக் கூப்பிடல, என்னைக் கூப்பிடுது. புளியவிடுதி ஆஸ்பத்திரி போர்டு தெரியுது. அந்த நேரத்துலயும், தம்பி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, அந்த நேரத்துலயும் நான், "மாப்பிள்ளை, நேரா புதுக்கோட்டைக்கே விட்டுடுங்களேன். இங்க எதுக்கு..."ன்னேன்.

"மச்சான், கொஞ்சம் வாய மூடுங்க."

இருவத்திமூணு வருஷத்துல அவரு அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. மூடினேன். வண்டியை உள்ள திருப்பினாரு.

ஸ்ட்ரெச்சர், ஓட்டம், கதவு. அரை மணி நேரம். அந்தக் கதவுக்கு மேல ஒரு கடிகாரம் இருந்துச்சு, அதைப் பாக்கக் கூடாதுன்னு தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. பொம்பளைப் பிள்ளை. கத்தின கத்துல நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். சின்ன வயசு டாக்டரம்மா, என் மக வயசுதான் இருக்கும், வெளிய வந்து மாஸ்க்கை இறக்கினாங்க.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பிரஷர் இவ்வளவு இருக்கே, ஏன் முன்னாடியே சேக்கல? இன்னும் ஒரு கால் மணி நேரம் போயிருந்தா..."

அவங்க அதை முடிக்கல. என் மூஞ்சியைப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. முடிக்காம விட்டதுதான் இன்னும் காதுல இருக்கு.

வெளிய பெஞ்சுல நானும் மாப்பிள்ளையும் உக்காந்திருந்தோம். அவரு சட்டை முதுகு பூரா நனைஞ்சிருந்துச்சு. நான்தான் ஆரம்பிச்சேன்.

"மாப்பிள்ளை, அந்த விதி... அது உங்களை மனசுல வெச்சு எழுதினது இல்ல."

"தெரியும் மச்சான்"னாரு. அவருக்கு என்ன தெரியும்னு எனக்கும் தெரியும். அப்புறம் சிரிச்சாரு. "போன மாசம் அண்ணன் மக கல்யாணத்துக்கு மன்னார்குடி போயிருந்தேன். பத்திரிகையில என்னை எப்படிப் போட்டிருக்காங்க தெரியுமா? 'செங்கணக்குடி சித்தப்பா'. பந்தியில ஒரு ஆளு, 'செங்கணக்குடிக்காரருக்கு ரசம் ஊத்துப்பா'ங்கறான். அங்க போனா நான் செங்கணக்குடிக்காரன். இங்க வந்தா மாப்பிள்ளை. நடுவுல பஸ்ஸுல வர்றப்ப மட்டும்தான் மச்சான் நான் செங்குட்டுவன்."

வருத்தமாச் சொல்லல. வேடிக்கையாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் எங்க பாக்கறதுன்னு தெரியல.

அதுக்குள்ள நாகரெத்தினம் சம்சாரத்தோட வந்துட்டான், பிளாஸ்க்ல காபியோட. அந்த அம்மா நேரா உள்ள போய் சிலம்பாயி பக்கத்துல நின்னுக்கிச்சு. நாலு நாளும் வெந்நீர், பத்தியச் சாப்பாடு எல்லாம் அவங்க வீட்டுல இருந்துதான். நாகரெத்தினம் என் தோள்ல கை போட்டு, "மாமா, நீங்களும் எங்க ஊரு, பேத்தியும் எங்க ஊரு. பேசாம எங்க சங்கத்துக்கு வந்துடுங்க"ன்னான். அவனுக்கும் சேதி போயிருக்கு பாருங்க. வேற நேரமா இருந்தா நல்லா நாலு கேட்டிருப்பேன். அன்னிக்கு அவன் காபியைக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அந்த ஊரு அப்படித்தான்.

பிறப்புச் சான்றிதழ் வந்துச்சு. பிறந்த இடம்: புளியவிடுதி. சிலம்பாயி அதைக் கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு, "இப்ப திருப்தியா?"ன்னா. குழலிகிட்ட அந்த பிரஷர் விஷயத்தை நானே சொன்னேன். சொல்லாம இருக்க முடியல. அது பிள்ளையை என் மடியில போட்டுட்டுக் குளிக்கப் போயிடுச்சு. அரை மணி நேரம் அப்படியே அசையாம உக்காந்திருந்தேன்.

பங்குனியில கூட்டம். ஞாயித்துக்கிழமை காலையில. சௌந்தரராசு சார் எழுந்திரிச்சு, "நிர்வாகிகள் யாருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை"ன்னு சொன்னதும் ஹாலே சிரிச்சுது. எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், எங்க வாயால கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. கோமளவல்லி டீச்சர் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

நான் எழுந்திரிச்சேன். "விதி தப்பில்ல. விதியில ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. 'பிறந்தவர்களாக'ங்கறதை 'வாழ்பவர்களாக'ன்னு மாத்திக்கலாம்"னேன். 'இருத்தல் வேண்டும்' அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அது நல்லா அமைஞ்சிருக்கு. அப்புறம் நானே, "செயலாளருக்கு மாப்பிள்ளை பேரை முன்மொழியறேன்"னேன். டீச்சர் முந்தறதுக்குள்ள. அதனாலதான் சொன்னேன், நானா விட்டுக் குடுத்ததுன்னு. மினிட்ஸ் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, நீங்க வேணா போய்ப் பாக்கலாம்.

மாப்பிள்ளை, "மச்சானே இருக்கட்டும்"னு ரெண்டு தடவை சொன்னாரு. மூணாவது தடவை சொல்லிடுவாரோன்னு கொஞ்சம் இருந்துச்சு. சொல்லல. ஒத்துக்கிட்டாரு.

புதுச் செயலாளர் பதவி ஏத்துக்கிட்டு புத்தகத்துல எழுதணும். பேரு, தகப்பனார் பேரு, ஊரு, கையெழுத்து. என் பேனாவைத்தான் குடுத்தேன். செங்குட்டுவன்னு எழுதினாரு. அப்பா பேரை எழுதினாரு. அப்புறம் பேனா நின்னுபோச்சு. நிமிந்து என்னைப் பாத்தாரு. சின்னக் குரல்ல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "மச்சான், ஊருன்னு எதைப் போடட்டும்?"னாரு.

"இது என்னய்யா கேள்வி? எந்த ஊருல உக்காந்துக்கிட்டு எழுதறீங்க?"ன்னேன்.

கொஞ்சம் அதட்டலாத்தான் வந்துடுச்சு. என்ன பண்றது தம்பி? செயலாளருன்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்க வேணாமா?